கண்டெடுத்தவர், கெடுத்தவர்

கல் தேடி வந்தவனில்லை நான்.
பனிவண்டிகளுக்கு எஞ்சின் பார்க்க வந்தவன்.
புந்தா அரேனாஸ் துறையில் மீன்படகு டீசல்களோடு
இருபது வருஷம் மல்லுக்கட்டியவன்.
இங்கே மைனஸ் இருபத்திரண்டில்
ஸ்பேனர் விரலோடு ஒட்டிக்கொள்கிறது.

ஹிமேனா ஓயார்சூன் சொல்லியிருந்தாள்:
"கறுப்பைத் தேடு, நிபால்தோ.
வானத்திலிருந்து விழுந்தது எரிந்துதான் வரும்."
நீலப் பனிக்கட்டியின் மேல் கறுப்பு
அரைக்குருடனுக்கும் தெரியும்.
பதினோரு நாளில் முப்பத்தேழு.
எல்லாம் சாதாரண வகை, என்றாள்,
பெட்டியை மூடிய விதத்தில் சலிப்பு.

பனிக்கட்டி நகரும் என்பதும் அவள் சொன்னதே.
எங்கோ விழுந்ததை விழுங்கி
ஆயிரமாயிரம் வருஷம் அடிவயிற்றில் சுமந்து வந்து
மலை குறுக்கே நின்றதும் தயங்கி மேலேறுமாம்.
காற்று அதன் தோலைச் சீவிச் சீவி எடுக்க
ஒருநாள் கல் தலைகாட்டுமாம்.
பிரசவம் பார்ப்பது காற்றென்றால்
வலி யாருக்கு என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

பன்னிரண்டாம் நாள்
என் வண்டியின் எரிபொருள் குழாய் உறைந்தது.
குனிந்தேன். காலடியில் வெளிறிய கல் ஒன்று,
முஷ்டியளவு, தேய்ந்த சோப்புக்கட்டி நிறம்.
மலைச்சரளை ஏதோ உருண்டு வந்திருக்கிறது.
அன்றிரவு சமையல் கூடாரத்தின் கதவுத்துணி
படபடவென்று அடித்துக்கொண்டது.
அதன் ஓரத்தில் இதைத்தான் வைத்தேன்.
அடுப்பிலிருந்து இரண்டு முழம்.

மாத்தேவுக்குத் தண்ணீர் கொதித்தது.
கூடாரம் முழுக்க ஆவி.
கல்லில் ஒட்டியிருந்த பனி உருகிச் சொட்டியது.
பிறகு அந்த நாற்றம்.
அழுகிய முட்டை.
அயேலென் என்னைப் பார்த்தாள்.
நான் பீன்ஸ் டப்பாவைப் பார்த்தேன்.
ஹிமேனா மட்டும் மூக்கை முன்னே விட்டு
மண்டியிட்டு ஊர்ந்தாள் கதவுவரை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வெள்ளையெல்லாம் என்ஸ்டடைட், என்றாள்.
மெக்னீசியமும் சிலிக்காவும் கட்டிய படிகம்.
இரும்பு ஒரு சிட்டிகைகூட உள்ளே நுழையவில்லை,
அதனால்தான் எரிந்தும் கறுக்கவில்லை.
சூரியனுக்குக் கிட்டத்தில் எங்கோ,
அப்படித்தான் நினைக்கிறோம்,
ஆக்சிஜனுக்குப் பஞ்சமான மூலையில்
ஒரு குட்டி உலகம் முழுசாய் உருகியது.
இரும்பு தன் கனத்தோடு நடுவுக்கு இறங்க
மேலே இது ஆறியது.
அப்புறம் அடிமேல் அடி.
நொறுங்கியது, நொறுங்கியதே ஒட்டிக்கொண்டது,
மறுபடி நொறுங்கியது.

பழுப்பாய்த் தெரிகிறதே இந்தத் தழும்பு,
இங்கே இருந்தது ஓல்டாமைட்.
கால்சியமும் கந்தகமும்.
நம் ஊரில் கால்சியம் சுண்ணாம்பாகும், எலும்பாகும்,
ஆக்சிஜன் இல்லாமல் குடித்தனம் நடத்தாது.
அங்கே அது கிடைக்கவில்லை,
கந்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டது.
தண்ணீர் பட்டால் பிரிந்துவிடும் ஜோடி.
படாமலே இருந்தது
நானூற்றைம்பது கோடி வருஷம்.

"ஒரு கெண்டி மாத்தே," என்றேன்.
வேறென்ன சொல்ல.

அவள் திட்டியிருக்கலாம்.
இடுக்கியால் எடுத்து, பையிலிட்டு,
வெளியே குளிரில் கொண்டுபோய் வைத்தாள்.
அடிப்பக்கம் இன்னும் உறைந்தே இருக்கிறது,
பாதியாவது தப்பியிருக்கும், என்றாள்.
திரும்பி வந்து குறிப்பேட்டில் எழுதினாள்:
கண்டெடுத்தவர், நிபால்தோ பர்ரியா.
அடுத்த வரியில்:
கெடுத்தவர், அவரே.

தூக்கப்பைக்குள் என் கையுறையை முகர்ந்தேன்.
என் தகப்பன் பெயர்கூடத் தோன்றாத காலத்திலிருந்து
அடைத்து வைத்த ஒன்று
எங்கள் மூவர் மூக்கில் முடிந்திருக்கிறது.
காற்று இரவெல்லாம் சீவிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல்
வெளிறிய கல் எதைக் கண்டாலும்
வண்டியை நிறுத்தினேன்.
இடுக்கி, பை, மூச்சடக்கிய குனிதல்.
இருபத்தாறு சேர்ந்தன.
அத்தனையும் மலைச்சரளை என்றாள் ஹிமேனா.
ஒன்றுகூட நாறவில்லை.